புத்திமதி வெட்டிய கடிதம்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை, பகல்.

அன்புள்ள மகள் சாம்பவிக்கு,

இங்கே நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, அதற்கு நான்தான் காரணம், அந்தக் கதை பின்னால் வருகிறது. நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது, அறிய ஆசையாக இருக்கிறது என்று எழுதுகிறேன்.

கையில் போன் இருக்க இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். ஏழு மாதமாக நீ எனக்கு அனுப்புவது ஒரு பெருவிரல் படம்தான். சாப்பிட்டாயா என்று கேட்டால் பெருவிரல், அங்கே குளிரா என்று கேட்டால் பெருவிரல், கார்த்திகனுக்குக் கலியாணம் சரிவந்த செய்தியை ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன், அதற்கும் அதே விரல். சொந்தத் தம்பி முறையானவனின் கலியாணத்துக்கு ஒரு முழுக் கையாவது அனுப்பியிருக்கலாம். சரி, அதை விடு. கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது. வாயிலிருந்து வந்ததைத் திரும்ப விழுங்க முடியாது, பேனையிலிருந்து வந்ததை வெட்டலாம். இந்தத் தாள்களில் அங்கங்கே கறுப்பாக வெட்டியிருப்பதைப் பார்ப்பாய். அவை எல்லாம் புத்திமதிகள். முதலாவது வெட்டு உன் குளிர்ச்சட்டையைப் பற்றியது, இரண்டாவது காலைச் சாப்பாட்டைப் பற்றியது. வெளிச்சத்தில் பிடித்து வாசிக்கப் பார்க்காதே, கண்ணுக்குக் கூடாது. இதுவும் புத்திமதிதான் என்று இப்போதுதான் தெரிகிறது, ஆனால் எழுதி முடிந்துவிட்டது, கிடக்கட்டும்.

உனக்குச் சொல்லாத ஒரு விசயம் இருக்கிறது. நான் படிக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். அறுபத்திரண்டு வயதில், கொட்டாஞ்சேனையில், உளவளத்துணை, அதுதான் கவுன்சிலிங், டிப்ளோமா, ஆறு மாதம், சனிக்கிழமை தோறும் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை. காலி வீதியில் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி அங்கிருந்து ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எனக்கே ஒரு உளவளத்துணையாளர் தேவைப்படும். வகுப்பில் பத்தொன்பது பேர், வயதில் மூத்தவள் நான்தான். படிப்பிப்பவர் கிளறன்ஸ் சேர், மிகவும் மெல்லிய குரல், கடைசி வரிசையில் இருந்தால் அவர் மூச்சு விடுகிறாரா கதைக்கிறாரா என்று தெரியாது. எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஜவாஹிறா, புறக்கோட்டையில் தம்பியோடு புடவைக்கடை நடத்துகிறவர். கலியாணச் சீலை எடுக்க வரும் தாய்க்கும் மகளுக்கும் மாமிக்கும் நடக்கும் சண்டைகளை முப்பது வருடமாகக் கேட்டு வந்தவர் என்பதால், தனக்குப் பாடம் தேவையில்லை, சான்றிதழ் மட்டும் போதும் என்கிறார். முதல் நாள் ஒவ்வொருவரையும் ஏன் வந்தீர்கள் என்று கிளறன்ஸ் சேர் கேட்டார். முப்பத்திமூன்று வருடம் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தவள், அதில் பன்னிரண்டு வருடம் வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர், ஓய்வு பெற்ற பிறகும் மற்றவர்களுக்கு உதவ விருப்பம் என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சொன்னது பொய். நான் உனக்காகத்தான் போய்ச் சேர்ந்தேன்.

தை மாதம் நீ கடைசியாகக் குரலில் கதைத்த நாளை நான் மறக்கவில்லை. அம்மா, காலமை எழும்பவே மனமில்லாமல் கிடக்கு என்று தொடங்கினாய். நீ மேலே சொல்ல வாயெடுக்க முதல் நான் அது இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று முடிவு கட்டி, முருங்கையிலை வறையில் தொடங்கி, நீ இருக்கும் நியூகாசிலில் முருங்கையிலை எந்தக் கடையில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் பேரீச்சம்பழம் எத்தனை, அதைத் தேத்தண்ணியோடு ஏன் சாப்பிடக்கூடாது என்பது வரைக்கும் போய்விட்டேன். அம்மா, நீங்கள் என்னைக் கதைக்க விடுறேல்ல என்று நீ சொன்னாய். விடுறன்தானே, கதை, ஆனால் முதல்ல ஒரு இரத்தப் பரிசோதனை எடு என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்து நான் இன்னும் இரண்டு நிமிடம் ஈரல் பிரட்டல் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அப்பாதான் அவ வைச்சிட்டா என்று சொன்னார்.

அப்படித்தான் நான் படிக்கப் போனது. படித்ததை வீட்டில் பழகிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், வீட்டில் இருக்கும் ஒரே ஆள் உன் அப்பா. நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் கீறியபோதும் ஒரு நாளைக்குப் பத்து வசனத்துக்கு மேல் கதைக்காத மனிதர், ஓய்வு பெற்ற பிறகு அதையும் பாதியாகக் குறைத்துவிட்டார். முதல் மாதம் உளப்பகுப்பு. எல்லாவற்றுக்கும் வேர் சின்ன வயதில் இருக்கிறது, கனவில் வெளியே வரும் என்று வியன்னாவிலிருந்த தாடிக்கார டொக்டர் ஒருவர் நூறு வருடத்துக்கு முதல் கண்டுபிடித்தது. நான் அப்பாவைச் சோபாவில் படுக்க வைத்து, தலைமாட்டில் கொப்பியோடு இருந்து, அண்மையில் என்ன கனவு கண்டீர்கள் என்று கேட்டேன். மருதானையில் ரயிலைத் தவறவிட்டதாகக் கண்டேன் என்றார். எனக்கு நல்ல சந்தோசம், தவறவிட்ட ரயில் என்றால் அதில் எவ்வளவோ தோண்டலாம். அந்த ரயிலில் யார் போனது, உங்கள் அம்மாவா என்று கேட்டேன். அவர், அது காங்கேசன்துறை ரயில், அம்மாவுக்கு ரயில் ஒத்துக்கொள்ளாது, அவ பஸ்ஸிலதான் போறவ என்றார். பிறகு பார்த்தால் ஆள் நித்திரை. ஒவ்வொரு நாளும் அதே சோபாவில் படுக்க வைத்தேன், ஒவ்வொரு நாளும் நித்திரை கொண்டார். இந்த முறையில் அவருக்கு மிகுந்த சுகம் கிடைத்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நடத்தைச் சிகிச்சை. ஒருவர் நல்லதைச் செய்யும்போதெல்லாம் உடனே ஒரு பரிசு கொடுத்தால் அந்தப் பழக்கம் ஊன்றிவிடும் என்பது அதன் சாரம். அப்பா குளித்துவிட்டு ஈரத் துவாயைக் கட்டிலில் போடுவது உனக்குத் தெரியும், முப்பத்தைந்து வருடமாகத் திட்டியும் திருந்தாத பழக்கம். திட்டாமல், துவாயைக் கொடியில் போடும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு இனிப்புத் தொதல் கொடுத்தேன். முதல் நாளே துவாய் கொடிக்குப் போனது. நான் கிளறன்ஸ் சேருக்கு அன்றே போன் எடுத்துப் பெருமையாகச் சொன்னேன். மூன்றாம் கிழமைதான் அவர் துவாயைக் கொடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டு, திரும்ப எடுத்துக் கொடியில் போட்டு, நாளுக்கு ஐந்தாறு துண்டு வாங்குவது தெரிந்தது. தொதல் முடிந்ததும் கீழ் வீட்டு நபீஸ் தம்பதிகள் பெருநாளுக்குத் தந்த வட்டிலப்பமும் அதே வழியில் போய்விட்டது. சீனி நூற்றெண்பது. இப்போது தொதலும் இல்லை, துவாயும் பழையபடி கட்டிலில். யார் யாருக்குப் பழக்கினது என்று ஜவாஹிறா கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்.

சிந்தனையை மாற்றும் சிகிச்சை என்று இன்னொன்று இருக்கிறது, ஒருவர் தாறுமாறாக ஏதும் நினைத்தால் அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்க வேண்டும். தேத்தண்ணி ஆறிப்போச்சு என்று அப்பா சொன்னார், அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன என்று கேட்டேன், கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டார். அந்தப் பாடத்தை நான் அத்தோடு விட்டேன்.

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது ஆள்மைய முறைதான். அதில் புத்திமதியே கூடாது. மருந்து கூடாது, தீர்ப்புக் கூடாது, நானென்றால் இப்படிச் செய்வேன் என்ற கதையே கூடாது. எதிரில் இருப்பவர் சொல்வதை முழு மனதோடு கேட்டு, அவர் சொன்னதையே அவருக்கு விளங்கும்படி திருப்பிச் சொல்ல வேண்டும், வழியை அவரே கண்டுபிடிப்பார். கிளறன்ஸ் சேர் இதைச் சொன்னபோது வகுப்பில் நான் கை உயர்த்தி, அப்படியென்றால் துணையாளருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். அதுதான் வேலை மிஸிஸ் கதிர்காமநாதன் என்றார். வீட்டுக்கு வந்தேன், அப்பா பசிக்குது என்றார். உங்களுக்குப் பசிப்பது போல ஒரு உணர்வு இருக்கிறது என்று திருப்பிச் சொன்னேன். ஓம், பசிக்குது என்றார். அந்தப் பசி உங்களுக்கு முக்கியமாகப் படுகிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், சேர்ட்டை மாட்டினார், காலி வீதிச் சைவக் கடையில் போய் மசாலைத் தோசை சாப்பிட்டுவிட்டு வந்தார். வழியை அவரே கண்டுபிடித்தார் என்று என் பயிற்சிக் கொப்பியில் எழுதினேன், அதற்குக் கிளறன்ஸ் சேர் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

சிரித்தாயா தெரியாது, சிரித்திருந்தால் நல்லது. இனி எழுதுவதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. ஐந்தாம் மாதம் வெற்றுக் கதிரை என்று ஒரு பயிற்சி செய்தோம். இரண்டு கதிரையை எதிரெதிரே போட்டு, மனதில் பாரமாக இருக்கும் ஒரு ஆள் எதிர்க் கதிரையில் இருப்பதாக நினைத்துக் கதைக்க வேண்டும், பிறகு அந்தக் கதிரையில் போய் இருந்து அந்த ஆளாகப் பதில் சொல்ல வேண்டும். ஜவாஹிறா இறந்துபோன கணவரை இருத்தி அரை மணித்தியாலம் ஏசினார், பிறகு கணவராக இருந்து மன்னிப்பும் கேட்டுக்கொண்டார், அவருக்கு முகம் வெளித்துப் போயிற்று. என் முறை வந்தது. உன்னை இருத்தினேன். இருத்திய உடனே என் வாயில் வந்த முதல் சொல், நிமிர்ந்து இரு. வகுப்பே சிரித்தது, கிளறன்ஸ் சேரும் சிரித்தார், வெறும் கதிரையைக்கூட விடமாட்டீர்களா என்று கேட்டார். நானும் சிரித்தேன். பிறகு உன் கதிரைக்கு மாறச் சொன்னார். அதில் போய் இருந்தேன். சரி, இப்போது நீங்கள் சாம்பவி, அம்மாவுக்கு உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றார். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நான் பெற்று வளர்த்த பிள்ளை, எந்தச் சோப் போட்டால் தோல் கடிக்கும் என்று எனக்குத் தெரியும், எந்தப் பல் எப்போது விழுந்தது என்று தெரியும், நீ என்ன சொல்வாய் என்று தெரியவில்லை. உன் குரலில் ஒரு வசனம் முழுதாக என் காதில் இல்லை, எல்லாம் நான் பாதியில் வெட்டியவை. அப்படியே இருந்தேன், கிளறன்ஸ் சேர் காத்துக்கொண்டிருந்தார், ஜவாஹிறா எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். அன்று பஸ்ஸில் வரும்போது அழுதேன், பக்கத்தில் இருந்த மனிசி ஒரு கச்சான் கடலைப் பக்கற்றைத் தந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பாடத்தில் அதற்கு முழுப் புள்ளி கொடுக்கலாம்.

போன சனிக்கு முந்தின சனி செயன்முறைச் சோதனை. முன்பின் தெரியாத ஒருவரோடு இருபது நிமிடம் இருக்க வேண்டும், கிளறன்ஸ் சேர் மூலையில் இருந்து குறிப்பு எடுப்பார். எனக்கு வந்தது நாற்பது வயதளவில் ஒரு பெண், வயதான மாமனாரைப் பராமரித்துக் களைத்துப் போனவள். பதினேழு நிமிடம் நான் வாயைக் கட்டியிருந்தேன், நாக்கைப் பல்லுக்குள் கடித்தபடி, எழுத்துச் சோதனையில் எண்பத்தொன்பது புள்ளி எடுத்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துக்கொண்டு. பதினேழாவது நிமிடம் அவள் அழத் தொடங்கினாள். என் முப்பத்திமூன்று வருடமும் ஒரேயடியாக எழும்பி நின்றது. அழாதேங்கோ தங்கச்சி, எழும்பிப் போய் முகத்தை வடிவாக் கழுவிக்கொண்டு வாங்கோ என்று வாட்டுக் குரலில் சொல்லிவிட்டேன். அவளும் உடனே எழும்பிப் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள், இப்ப கொஞ்சம் சுகமா இருக்கு மிஸ் என்றும் சொன்னாள். கிளறன்ஸ் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவவுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனால் நீங்கள் பெயில் என்றார். அடுத்த மாதம் திரும்ப எடுக்கலாமாம். அதற்கு முதல் இரண்டு வேலை தந்தார். ஒன்று, வீட்டில் ஒருவரோடு தினமும் அரை மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்து கேட்டுப் பழகுவது. மற்றது, வாழ்க்கையில் யாருக்கு நான் அதிகமாகப் புத்திமதி சொல்லியிருக்கிறேனோ அவருக்குப் புத்திமதி இல்லாமல் ஒரு கடிதம் எழுதுவது, தனக்குக் காட்ட வேண்டாம், தபாலில் போட்டால் போதும் என்றார். யாருக்கு என்று நான் யோசிக்கவே இல்லை.

முதல் வேலைக்கு அப்பாவைத்தான் பிடித்தேன். பின்னேரத்தில் அவர் மரைன் டிரைவில் நடக்கப் போவார் அல்லவா, கூடவே நடந்து அவர் கதைப்பதைக் கேட்கலாம் என்று திட்டம். திங்களும் செவ்வாயும் போனேன், அவர் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை, இரண்டு பேரும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். புதன்கிழமை வெளிக்கிட்டபோது இண்டைக்கு வேண்டாம், நான் தனியப் போறன் என்றார். உன் அப்பா முப்பத்தைந்து வருடத்தில் ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அதுதான் இரண்டாம் தரம், முதலாவது என் புட்டுக்கு. எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. அவர் இறங்கி ஐந்து நிமிடம் கழித்துக் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு பின்னால் போனேன், லிப்ட் இன்னும் திருத்தவில்லை, நாலு மாடியும் படியால்தான் இறங்கினேன், முழங்காலைக் கேட்டால் சொல்லும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கல்லில் இருந்து போனைக் காதில் வைத்திருந்தார். நான் கிட்டப் போய்ப் பின்னால் நின்றேன். ஓம் என்றார். கொஞ்சம் பொறுத்து ஓம், பிறகு ம், பிறகு ஓம் பிள்ளை. ஒரு ரயில் போனது, அப்போதும் போனை எடுக்கவில்லை, காதை இறுக்கிப் பொத்திக்கொண்டு கேட்டார். அரை மணித்தியாலத்தில் அவர் பேசிய சொற்களை விரல் விட்டு எண்ணலாம். கடைசியாக, அடுத்த புதனும் உன்ர சாப்பாட்டு நேரத்துக்கு எடுக்கிறன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுத் திரும்பினார், என்னைக் கண்டார்.

சித்திரையிலிருந்து புதன்கிழமை தோறும் நீ அவரோடு கதைக்கிறாய் என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவரோடு கோபிக்காதே, அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்தக் கல்லில் வைத்தே கேட்டேன், பிள்ளைக்கு என்ன, என்ன சொல்லுறா, சொல்லுங்கோ என்று. அவர் சாரத்தில் மண்ணைத் தட்டிவிட்டு, அதைச் சொல்ல ஏலாது, இரகசியம் காக்கவேணும் எண்டு நீர்தானே எழுதிக் குசினிக் கதவில ஒட்டி வைச்சிருக்கிறீர் என்றார். என் சொந்தக் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. நான் விடவில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம் என்று அடுத்த வரியில் இருக்கிறது, அதையும் வாசித்தீர்களா என்று கேட்டேன். அப்பா போனைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அப்பிடி ஒண்டும் இல்லை, நீர் பயப்படாதேயும், அங்க ஒருத்தரிட்டக் கிழமைக்கு ஒருக்காப் போய்க் கதைக்கிறா, இதையும் அவவைக் கேட்டுட்டுத்தான் சொல்லியிருக்க வேணும், சொல்லாட்டி நீர் நித்திரை கொள்ளமாட்டீர் எண்டுதான் சொல்லுறன் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் இங்கே பஸ் ஏறி ஓட்டோ ஏறி ஊருக்கெல்லாம் துணையாகப் படிக்க, என் பிள்ளை அங்கே யாரோ ஒருத்தியிடம் போகிறாள் என்று முதலில் எரிச்சலாகத்தான் வந்தது. அவள் என்ன படித்தவள், எத்தனை வருட அனுபவம் என்று கேட்டு ஆறு வரி எழுதினேன், அவைதான் இந்தப் பக்கத்தில் பெரிய வெட்டு. அன்று முழுக்க அப்பாவோடு கதைக்கவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

இப்போது எரிச்சல் இல்லை. அவர் படிக்காமலே தெரிந்து வைத்திருந்ததை நான் படித்தும் செய்யவில்லை என்று வெட்கம்தான் இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன் பிள்ளை, தை மாதம் நீ சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. எழும்ப மனமில்லை என்ற அந்த வசனத்தை வாட்டில் எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். கேட்டவுடன் அது இரத்தமா மனமா என்று எனக்குக் குரலிலேயே தெரியும், மனமென்றால் கட்டில் ஓரத்தில் இருந்து கையைப் பிடித்திருக்கிறேன். பிற பிள்ளைகளுக்கு அதைச் செய்த எனக்கு, உன் வாயில் அது வந்தபோது செய்ய முடியவில்லை. இரும்புச்சத்து என்றால் மாத்திரை இருக்கிறது, மூன்று மாதத்தில் சரி வரும், இலையும் பழமும் சொல்லலாம், ஐயாயிரம் மைல் தள்ளி இருந்தும் நான் ஏதோ செய்ததாக இருக்கும். ஆகவே அது இரத்தமாகவே இருக்கட்டும் என்று நான் முடிவு கட்டினேன். நீ கதைக்கத் தொடங்கியது எனக்குக் கேட்டது. கேட்கப் பயந்துதான் நான் கதைத்தேன். நீ சின்ன வயதிலிருந்து எத்தனை தரம் இப்படித் தொடங்கி, நான் பயந்து, நீ விட்டிருப்பாய் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

அப்பாவிடம் நீ சொன்னவை அவரிடமே இருக்கட்டும். புதன்கிழமை அவர் போகட்டும், நான் குடையோடு பின்னால் போகமாட்டேன், முழங்காலும் விடாது. அங்கே உன்னோடு கதைப்பவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். எனக்கும் சொல்ல வேண்டும் என்று உனக்கு எப்போதாவது தோன்றினால் மட்டும் சொல், தோன்றாவிட்டால் அதையும் நான் தாங்குவேன், கஷ்டப்பட்டுத் தாங்குவேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு கிழமையாகும். வந்த பிறகு வரும் ஞாயிறு உன் காலை பத்து மணிக்கு நான் போன் எடுப்பேன். நீ எடுத்துவிட்டுக் கதைக்காமல் இருந்தாலும் சரி. நான் இடையில் புகுந்தால் வை, கோபிக்கமாட்டேன், பத்து நிமிடம் கழித்துத் திரும்ப எடுப்பேன், திரும்பவும் புகுந்தால் திரும்பவும் வை. எத்தனை தரம் வைத்தாலும் எடுப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் மனம் ஆற வேண்டும், அதற்கு எவ்வளவு காலம் எடுக்குமோ அவ்வளவு காலமும் கந்தசுவாமி உன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அப்பாவும் நானும் கும்பிடுகிறோம். மறக்காமல் ஞாயிறு பத்து மணி, உன் நேரம். தை மாதம் கேட்டிருக்க வேண்டியதை ஏழு மாதம் பிந்திக் கேட்கிறேன். எவ்வளவு நாளாக அப்படி இருக்கிறது, பிள்ளை?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா,
கனகேஸ்வரி கதிர்காமநாதன்